ஐ.டி. வேலையை விட்டுப் பள்ளிக்கு வரலாமா? நூலகராகவா, ஆசிரியராகவா?

கேள்வி: மேடம், எனக்கு 39 வயது. மேடவாக்கத்தில் இருக்கிறோம். பி.எஸ்ஸி. கணிதம், 64 சதவீதம். சோழிங்கநல்லூரில் ஒரு நிறுவனத்தில் 11 வருடமாக சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. கையில் 78,000 ரூபாய் வருகிறது. கணவரும் வேலைக்குப் போகிறார். வீட்டுக் கடன் தவணை 31,000. மகள் ஏழாவது படிக்கிறாள். ராத்திரி பத்து மணிக்கு வெளிநாட்டுக்காரர்களோடு போன் கால், காலையில் எழுந்தால் நூறு மெயில், வருடா வருடம் யாரைத் தூக்குவார்களோ என்ற பயம். மூளை தேய்ந்துவிட்ட மாதிரி இருக்கிறது. சத்தம் இல்லாமல் புத்தகங்களோடு இருக்கிற வேலை ஒன்று போதும். பள்ளி நூலகர் ஆகலாமா? அல்லது பி.எட். முடித்துக் கணக்கு டீச்சர் ஆகிவிடலாமா? எங்கள் அடுக்ககத்தின் கிளப் ஹவுஸில் 300 புத்தகங்களை வைத்துச் சனிக்கிழமை தோறும் ஒரு சின்ன நூலகம் நடத்துகிறேன். ஐந்தாவது படிக்கும் பையன் ஒருவன் தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பான். நாலு மாதம் அவனோடு உட்கார்ந்தேன். போன வாரம் அவன் பாட்டிக்கு அவனே ஒரு கதையை வாசித்துக் காட்டினானாம். எனக்கு வயது தாண்டிவிட்டதா? மார்ச்சில் ராஜினாமா கொடுத்துவிடலாமா? இன்னொன்று, என் 300 புத்தகங்களுக்கும், நூலகங்களில் பொருள்வாரியாகப் போடுவார்களே, அந்த டூயி எண் போட்டு அடுக்க வேண்டுமா?

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அதில் பெரும்பகுதி அலுவலகத்தைப் பற்றி இருக்கிறது. அந்தப் பையனைப் பற்றி மூன்று வரிதான். நான் பதில் எழுத உட்கார்ந்ததே அந்த மூன்று வரிக்காக. அலுவலகம் கசந்துவிட்டதால் பள்ளிக்கு வருகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்; அவர்களில் பலர் ஒரு கல்வியாண்டைத் தாண்டுவதில்லை. பாட்டிக்குக் கதை வாசித்த பையனை மறக்க முடியாமல் வருகிறவர்கள் வேறு ரகம். நீங்கள் எந்த ரகம் என்பது உங்களுக்கே இன்னும் தெளிவாகவில்லை என்று படுகிறது. அதனால்தான் மார்ச் ராஜினாமாவுக்கு வேண்டாம் என்கிறேன். பள்ளிக்கு வராதீர்கள் என்று சொல்லவில்லை.

முதலில் அந்த "சத்தம் இல்லாத வேலை". ஒரு பள்ளி நூலகத்தில் 14 வருடம் இருந்தேன். அதன் பிறகு பாட ஒருங்கிணைப்பாளராக, ஆள் எடுக்கும் நேர்காணல்களில் உட்கார்ந்து வருகிறேன். பள்ளி நூலகத்தில் அமைதி இருக்கும் என்று நினைத்து வந்துவிடாதீர்கள். நாற்பது நிமிடப் பீரியடில் நாற்பது பிள்ளைகள் ஓடி வருவார்கள். பாதிப் பேருக்குப் புத்தகம் மாற்ற வேண்டும், ஐந்து பேர் போன வாரம் எடுத்ததைத் தொலைத்திருப்பார்கள், இரண்டு பேர் ஒரே புத்தகத்துக்குச் சண்டை போடுவார்கள். மணி அடித்ததும் அடுத்த வகுப்பு வாசலில் நிற்கும். ஏதாவது டீச்சர் லீவு போட்டால் "பிள்ளைகளை லைப்ரரிக்கு அனுப்பு" என்பார்கள். ஜூனில் பாடப் புத்தகம் பிரித்துக் கொடுப்பது, தேர்வு மேற்பார்வை, பஸ் டியூட்டி, டி.சி. வாங்க வருகிறவர்களுக்கு நோ டியூ கையெழுத்து, வருடக் கடைசியில், வாங்கிய புத்தகங்களை வரிசை எண்ணோடு பதிந்திருக்கும் ஆக்செஷன் ரெஜிஸ்டரை வைத்து ஒவ்வொரு புத்தகமாக இருப்பு சரிபார்ப்பது, எல்லாம் நம் தலையில்தான். இத்தனைக்கும் நடுவில், ஒன்றுமே படிக்காமல் ஜன்னலோரம் நிற்கும் ஒரு பிள்ளையைக் கண்டுபிடித்து, அது பிடித்துக்கொள்கிற ஒரு புத்தகத்தை அதன் கையில் கொடுக்க வேண்டும். வேலை என்றால் அதுதான் வேலை. மற்றதெல்லாம் அதற்காகச் செலுத்தும் வாடகை.

இதைச் சொல்லும்போது எஸ்.ஆர். ரங்கநாதன் நினைவுக்கு வருகிறார். சீர்காழியில் 1892-ல் பிறந்தவர். உங்களைப் போலவே கணிதம் படித்தவர், நம் மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் போனார். வகுப்பறையின் கலகலப்பில் இருந்தவருக்கு அந்தத் தனிமை சில நாட்களிலேயே பொறுக்கவில்லை. பழைய கல்லூரி முதல்வரிடமே போய், திரும்பி வந்துவிடுகிறேன் என்று கேட்டார். லண்டனுக்குப் போய் நூலகவியல் படித்துவிட்டு வரட்டும், அப்போதும் பிடிக்காவிட்டால் திரும்பலாம் என்று முடிவாயிற்று. அங்கே பொது நூலகங்களில் குழந்தைகளும் தொழிலாளிகளும் வீட்டுப் பெண்களும் வந்து போவதைப் பார்த்த பிறகு, அவர் திரும்பவே இல்லை. 1931-ல் அவர் வகுத்த ஐந்து விதிகளில் முதலாவது, நூல்கள் பயன்பாட்டுக்கே என்பது. இந்தியாவில் நூலகவியலின் தந்தை என்று நாம் கொண்டாடுகிறவர் அமைதியைத் தேடி நூலகத்துக்கு வந்தவர் அல்லர் என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆசிரியர் வேலையிலும் மாலை உங்களுடையதாக இருக்காது. கணக்கு டீச்சருக்கு நாலைந்து செக்‌ஷன் என்றால் நூற்றைம்பது நோட்டு. தேர்வு முடிந்தால் விடைத்தாள். பாடக்குறிப்பு எழுத வேண்டும், பெற்றோர் கூட்டத்தில் நிற்க வேண்டும், தொண்டை கட்டிக்கொண்டாலும் வகுப்பு எடுக்க வேண்டும். ஆனால் ராத்திரி பத்து மணிக்கு யாரும் கூப்பிட மாட்டார்கள், மே மாதம் பெரும்பாலும் உங்களுடையது. உங்கள் மகளின் வயதுக்கு அது சின்ன விஷயமில்லை.

சரி, இரண்டில் எது? நீங்கள் ஒரு பிள்ளையோடு நாலு மாதம் உட்கார்ந்திருக்கிறீர்கள். அதுவும் கணக்குச் சொல்லித்தர அல்ல, வாசிக்க வைக்க. என் கணிப்பில் உங்கள் கை நூலகத்தின் பக்கம்தான் போகிறது. ஆனால் ஒரு கசப்பான உண்மையையும் சொல்லியாக வேண்டும். ஒரு பள்ளியில் அறுபது ஆசிரியர் இருந்தால் நூலகர் ஒருவர்தான். பெரும்பாலான அரசுப் பள்ளிகளில் நூலகத்துக்கென்று தனிப் பணியிடமே கிடையாது, ஒரு ஆசிரியர்தான் கூடுதல் பொறுப்பாகப் பார்த்துக்கொள்வார். மிச்சம் இருப்பது சி.பி.எஸ்.இ. பள்ளிகள், பெரிய மெட்ரிக் பள்ளிகள், பன்னாட்டுப் பாடத்திட்டப் பள்ளிகள், பிறகு கேந்திரிய வித்யாலயா. ஆகவே நூலகத்தை முதல் கதவாகவும் ஆசிரியப் பணியை இரண்டாவது கதவாகவும் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். வரிசை அப்படி அமைவதற்குப் படிப்பும் ஒரு காரணம்.

நூலகருக்கு வேண்டியது பி.லிப்., அதாவது நூலகம் மற்றும் தகவல் அறிவியலில் இளநிலைப் பட்டம். எந்தப் பட்டம் முடித்தவரும் ஒரே வருடத்தில் படிக்கலாம். சைதாப்பேட்டையில் இருக்கும் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலும் இக்னோ எனப்படும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலும் தொலைநிலையில் கிடைக்கிறது. அதாவது வேலையை விடாமலே படித்துவிடலாம். பட்டம் மட்டும் போதாது. கோஹா என்ற இலவச நூலக மென்பொருளை உங்கள் மடிக்கணினியிலேயே நிறுவி, அந்த 300 புத்தகங்களையும் அதில் ஏற்றிப் பாருங்கள். டெஸ்டிங்கில் 11 வருடம் இருந்தவருக்கு அது இரண்டு வார இறுதி வேலை. பல விண்ணப்பதாரர்களிடம் பட்டம் இருக்கும், அந்தப் பழக்கம் இருக்காது. கேந்திரிய வித்யாலயா நூலகருக்கு ஏழாம் நிலை ஊதியம், தொடக்க அடிப்படைச் சம்பளமே 44,900 ரூபாய். அதற்கு விண்ணப்பிக்க நினைத்தால் அறிவிக்கை வந்ததும் வயது வரம்புப் பத்தியைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

பி.எட். இரண்டு வருடம். 2014-ல் வந்த தேசிய ஆசிரியர் கல்விக் குழும விதிகளுக்குப் பிறகு எல்லா இடத்திலும் அப்படித்தான். அதில் 20 வாரம் பள்ளியிலேயே பயிற்சி. உங்கள் 64 சதவீதம் போதும், தமிழ்நாட்டில் பி.எட். சேர வயது உச்சவரம்பும் கிடையாது. சைதாப்பேட்டை கல்லூரி, மெரினா எதிரே பெண்களுக்கான லேடி வெலிங்டன் ஆகியவை அரசுக் கல்லூரிகள், கட்டணம் குறைவு. ஆனால் அது முழுநேரப் படிப்பு. தொலைநிலை பி.எட். ஏற்கெனவே ஆசிரியப் பயிற்சி பெற்றவர்களுக்கானது. உங்களைப் போல வேறு துறையிலிருந்து வருகிறவர்களுக்கு அந்த வழி இல்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் கடுமையாகவே பேச வேண்டியிருக்கிறது. "கல்லூரிக்கு வரவே வேண்டாம், பரீட்சைக்கு மட்டும் வந்தால் போதும், வேலையையும் விட வேண்டாம்" என்று யாராவது ஏஜென்ட் உங்களை அழைப்பார். கூடவே வேலை பார்க்கும் தோழி ஒருத்தி அப்படித்தான் முடித்தாள் என்று கதையும் சொல்வார். போகாதீர்கள். அப்படி வாங்கிய சான்றிதழோடு வருகிறவர்களை நேர்காணலில் பார்த்திருக்கிறேன். முதல் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுவார்கள். பயிற்சிக்குப் போன பள்ளியில் எந்த வகுப்பு எடுத்தீர்கள், எந்தப் பாடத்தில் பிள்ளைகள் தடுமாறினார்கள் என்று கேட்டால் முகம் வெளிறிவிடும். அந்த 20 வாரம்தான் பி.எட். மீதியைப் புத்தகத்தில் படித்துக்கொள்ளலாம்.

பி.எட். முடித்தால் 6 முதல் 8 வரை கற்பிக்க டெட், அதாவது ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாள் எழுத வேண்டும். 150 மதிப்பெண், பொதுப் பிரிவுக்கு 90 எடுத்தால் தேர்ச்சி. கணிதம்-அறிவியல் பகுதிக்கு 60 மதிப்பெண் என்பதால் நீங்கள் உயிரியலையும் திரும்பத் தொட வேண்டியிருக்கும். நுங்கம்பாக்கத்தில் பள்ளிக் கல்வித் துறை அலுவலகங்கள் இருக்கும் டி.பி.ஐ. வளாகத்தில் ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை பாடப் புத்தகங்களை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், மகளுக்கும் உதவும். தனியார் பள்ளியில் டெட் கேட்க மாட்டார்கள் என்று சிலர் சொல்வார்கள். பணியில் இருக்கும் ஆசிரியர்களுக்கே டெட் வேண்டும் என்று 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. இனி அந்தப் பேச்சை நம்பி உட்காராதீர்கள். சின்ன வகுப்புகளுக்குப் போகலாம் என்று நினைத்தால், ஒன்று முதல் ஐந்து வரைக்கு பி.எட். செல்லாது என்பது 2023 ஆகஸ்டிலேயே முடிவாகிவிட்டது. அதற்குத் தனியாக இரண்டு வருட ஆசிரியர் பட்டயப் படிப்பு வேண்டும். பதினொன்று, பன்னிரண்டுக்கு எம்.எஸ்ஸி.யும் சேர வேண்டும். அரசுப் பட்டதாரி ஆசிரியர் பணி என்றால் ஊதியம் 36,400-லிருந்து தொடங்குகிறது, ஆனால் 2018 அரசாணைக்குப் பிறகு டெட் தேர்ச்சியோடு நியமனத்துக்குத் தனிப் போட்டித் தேர்வும் எழுத வேண்டும். அதை மட்டுமே நம்பி இருக்கிற வேலையை விட வேண்டாம்.

இனி பணம். சென்னையில் நடுத்தரத் தனியார் பள்ளிகளில் புதிதாக வரும் நூலகருக்கோ ஆசிரியருக்கோ நான் உட்கார்ந்த நேர்காணல்களில் பேசிய சம்பளம் 20,000 முதல் 30,000 வரை. அதற்குக் குறைவாகத் தருகிற பள்ளிகளும் உண்டு. 25,000 என்றே வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 53,000 குறைகிறது. பி.எட்.டுக்காக வேலையை விட்டால் இரண்டு வருடத்தில் கைக்கு வராமல் போகும் சம்பளம் மட்டும் 18,72,000 ரூபாய். இதைக் கணவரோடு உட்கார்ந்து ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். எழுதிய பிறகு இன்னொன்றும் செய்யுங்கள். அடுத்த ஆறு மாதம் உங்கள் சம்பளத்தில் 25,000 மட்டும் குடும்பத்துக்கு, மீதி 53,000 தொடாத கணக்குக்கு. ஆறு மாதத்தில் 3,18,000 சேர்ந்திருக்கும். அதைவிட முக்கியம், அந்தச் சம்பளத்தில் குடும்பம் ஓடுமா என்பது உங்களுக்கும் மகளுக்கும் கணவருக்கும் தெரிந்திருக்கும். மூன்றாவது மாதமே மூச்சு முட்டினால், கடன் கொஞ்சம் குறையும் வரை பொறுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ராஜினாமா கொடுக்கும் நாள் வரும்போது கிராஜுவிட்டியை, அதாவது பணிக்கொடையை, விட்டுவிடாதீர்கள். கடைசி அடிப்படைச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆலும் பணி வருடங்களாலும் பெருக்க வேண்டும். அடிப்படை 36,000 என்றால் 11 வருடத்துக்குச் சுமார் 2,28,000 வரும். பி.எஃப். பணத்தை எடுத்துச் செலவழிக்காமல் புதிய பள்ளியின் கணக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

வயதைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். தனியார் பள்ளி நேர்காணலில் 39 ஒரு குறையாக எனக்குத் தெரிந்ததில்லை. குறையாகத் தெரிவது வேறு. ஐ.டி.யிலிருந்து வருகிறவர்கள் டெமோ வகுப்புக்கு அழகான ஸ்லைடுகளோடு வருவார்கள். திரையைப் பார்த்தே பேசி முடித்து, இருபது நிமிடத்தில் கடைசி பெஞ்சை ஒருமுறைகூடப் பார்த்திருக்க மாட்டார்கள். நான் ஸ்லைடைப் பார்ப்பதில்லை. ஒரு பிள்ளை தப்பாகப் பதில் சொன்னதும் அவர் என்ன செய்கிறார் என்றுதான் பார்ப்பேன். "தப்பு, அடுத்தவர் சொல்லுங்க" என்று தாண்டிப் போகிறவர் ஒருவர். "எப்படி அந்த விடை வந்தது, சொல்லு பார்ப்போம்" என்று நிற்கிறவர் இன்னொருவர். டெஸ்டிங்கில் நீங்கள் பிழை எங்கிருந்து வந்தது என்று தேடித் தேடிப் பழகியவர். அந்தப் பழக்கத்தை வகுப்பறைக்கு எடுத்து வாருங்கள், அது பெரிய சொத்து.

நூலகர் பணிக்கு வருகிறவர்களிடம் நான் கேட்பது ஒரே கேள்வி. ஏழாவது படிக்கும் பையன், கிரிக்கெட்டைத் தவிர வேறு எதையும் தொட மாட்டான், என்ன கொடுப்பீர்கள்? நல்ல நூல்களைப் படிக்கச் சொல்லி அறிவுரை சொல்வேன் என்பார்கள் பலர். ஒரு பெண் மட்டும், முதலில் அவனுக்கு ஸ்கோர் கார்டு படிக்கக் கொடுப்பேன், பிறகு ஒரு ஆட்டக்காரரின் வாழ்க்கை, பிறகு அந்த ஆட்டக்காரரின் ஊரைப் பற்றி ஒன்று என்றாள். அவளிடம் கோஹா பழக்கம் இல்லை. இருந்தாலும் எடுத்தோம்.

ஆக, இந்த வருடம் இப்படிப் போகட்டும். பி.லிப். சேருங்கள். சம்பளச் சோதனையைத் தொடங்குங்கள். கையில் இருக்கும் விடுப்பில் ஒரு வாரத்தை எடுத்து, தெரிந்த பள்ளி ஒன்றில் அனுமதி வாங்கி, காலை பிரேயரிலிருந்து மாலை பஸ் கிளம்பும் வரை நூலகத்திலும் வகுப்பிலும் உட்காருங்கள். மகளின் பள்ளி வேண்டாம், அவளுக்கும் சங்கடம். பி.லிப். கையில் வந்ததும், பிரசவ விடுப்பில் போகும் நூலகருக்குப் பதில் ஆள் தேடும் பள்ளிகளைக் கவனியுங்கள். ஆறு மாதத்துக்கு எடுப்பார்கள். பல பேர் அந்த வழியில்தான் உள்ளே வந்தோம், நானும் அப்படித்தான். ராஜினாமா அந்தக் கட்டத்தில். பள்ளிகள் ஜனவரியிலிருந்தே ஆள் பார்க்கத் தொடங்கிவிடும், உங்கள் நோட்டீஸ் பீரியட் மூன்று மாதம் என்றால் அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். நூலகராக இரண்டு வருடம் இருந்த பிறகு, வகுப்பறைதான் இழுக்கிறது என்றால், அப்போது பி.எட். அதற்குள் கடனும் குறைந்திருக்கும்.

கடைசியாகக் கேட்ட டூயி எண். வேண்டாம். முந்நூறு புத்தகத்துக்கு அது எதற்கு? படங்கள் அதிகமுள்ளவை, சின்னக் கதைகள், நீளமானவை என்று மூன்று நிற டேப்பை முதுகில் ஒட்டுங்கள். அட்டை முகம் தெரிகிற மாதிரி, பிள்ளைகளின் கண் உயரத்தில் வையுங்கள். கூடவே ஒரு நூறு பக்க நோட்டு போடுங்கள். தேதி, பிள்ளையின் முதலெழுத்து, எடுத்த புத்தகம், முடித்ததா இல்லையா, எந்தப் பக்கத்தில் நிறுத்தியது, ஏன் நிறுத்தியது. அந்த ஐந்தாம் வகுப்புப் பையனின் நாலு மாதத்தையும் நினைவிருக்கிற வரை இப்போதே எழுதிவிடுங்கள். எந்தப் புத்தகத்தில் தொடங்கினான், எந்த எழுத்தில் தடுக்கினான், எந்தச் சனிக்கிழமை முதல் முறையாக நீங்கள் கேட்காமலே அடுத்த பக்கத்தைத் திருப்பினான். நேர்காணலுக்குப் போகும்போது சான்றிதழ் ஃபைலோடு அந்த நோட்டையும் எடுத்துப் போங்கள், முதலில் அதை மேஜையில் வையுங்கள்.